லோடு தேவை

கல்கத்தா பெஹாலாவில் நான் குடியிருந்த வீட்டின் வாட்ஸாப் குழுவில் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் ஒரு செய்தி வரும். "நாளை பத்து மணி. லோடு தேவை." இங்கிலீஷில், எல்லாம் பெரிய எழுத்தில், ரயில்வே சுற்றறிக்கை போல இருக்கும். முதல் தடவை பார்த்தபோது, யாரோ வீடு மாற்றுகிறார்கள், சாமான் தூக்க ஆள் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முதுகுவலி என்று ஒரு பொய்யை அனுப்பிவைத்தேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "முதுகுவலி பரவாயில்லை. அயர்ன் பாக்ஸ் இருந்தால் போதும்."

அனுப்பியவர் கீழ் வீட்டுக்காரர். மூன்று தளம் உள்ள பழைய வீடு அது. கீழ்த்தளம் அவருடையது. முதல் மாடியில் ஒரு வங்காளிக் குடும்பம்: கணவன், மனைவி, சர்க்கரை வியாதிக்கார மாமியார். அந்த மனைவியை நானும் எல்லாரையும் போல பௌதி என்றுதான் கூப்பிடுவேன், அண்ணி என்று அர்த்தம். இரண்டாம் மாடியில் நான். பாங்க் மாற்றல் என்னை மதுரையிலிருந்து கொண்டுவந்து அங்கே போட்டிருந்தது. என் கணவருக்கு மதுரையிலேயே வேலை, மகள் ஹாஸ்டலில். நான் ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு சின்ன கிரைண்டர் சகிதம் நாலு வருஷம் அங்கே இருந்தேன்.

கீழ் வீட்டுக்காரரை ஊரே தாதா என்றுதான் அழைத்தது. அண்ணன் என்பதற்கு அங்கே அதுதான் சொல். எங்கள் மதுரையில் தாதா என்றால் ஆளே வேறு. இவரோ ஸ்பேனரைக்கூடச் சத்தமில்லாமல் கீழே வைக்கிற மனிதர். பூர்வீகம் பொன்மலை. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், நரைத்த புருவம், எப்போதும் கசங்கின சட்டை. நான் மட்டும் அவரை சார் என்பேன்.

அவரிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, சுற்றிக் காற்றாட விட்டு, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். புகைக்குழாயை மதில் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் விட்டிருந்தார். அவர் மனைவிக்கு நுரையீரலில் கோளாறு. கடைசி இரண்டு வருஷம் வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருந்தார்கள். அது ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்பதற்காக வாங்கின ஜெனரேட்டர் இது. நான் குடிவருவதற்கு முன்பே அந்த அம்மாள் போய்விட்டார். கரண்ட் போவதும் அந்தப் பக்கத்தில் அபூர்வமாகிவிட்டது. ஆகமொத்தம் ஜெனரேட்டருக்குச் செய்ய வேலை இல்லை. அதைப் பராமரிப்பதுதான் அவருக்கு வேலை.

காலையில் பால் வாங்க இறங்கும்போது பார்ப்பேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். காய்ச்சல் பார்க்கும் டாக்டர்கூட அத்தனை நேரம் பார்க்க மாட்டார். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவுவார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மெஷினை அரை மணி ஓட்டுவார். அதற்குத்தான் லோடு.

"லோடு இல்லாம ஓட்டினா கெட்டுப் போயிடும்மா," என்று முதல் ஞாயிறே எனக்கு விளக்கினார். "குடிக்கிற டீசல் முழுசா எரியாது. பாதி எரிஞ்சும் எரியாம, கறுப்பா, பிசுபிசுன்னு சைலன்சர் வழியா ஒழுகும். வெறுமனே ஓடுறது ஓட்டமே இல்ல. சுமை வேணும். அப்பத்தான் உடம்பு சூடாகி உள்ள இருக்கற அழுக்கெல்லாம் எரியும்."

"அதுக்கு ஊரைக் கூட்டணுமா சார்?"

"மெஷின் கேக்குதே, என்ன பண்ண?" என்றார்.

இப்படித்தான் அது தொடங்கியது. ஞாயிறு பத்து மணிக்கு அவர் கூடத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். சுவரோரம் வரிசையாகப் பிளக் போர்டுகள். நான் ஒரு வாரத்துப் புடவைகளையும் அயர்ன் பாக்ஸையும் கொண்டுபோவேன், கூடவே கிரைண்டர். பௌதி மிக்ஸியில் கடுகு அரைப்பாள், மீனுக்கு. அவள் மாமியார் வெறுங்கையோடு வந்து, எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அரைப்பது சரியில்லை என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். மெஷின் பின்னால் உறுமும். அவர் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, "பத்தல. இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்," என்பார். மேலே போய் பௌதி கெட்டிலைத் தூக்கிவருவாள். பிறகு அந்தக் கெட்டிலில் கொதித்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று டீ. பிறகு டீயைச் சும்மா குடிப்பானேன் என்று மொறுமொறு பிஸ்கட். அரை மணி முடிந்து மெஷின் நின்ற பின்னும் பதினொன்றரை வரை யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவர் எதைக் கேட்டாலும் மெஷின் பேரில்தான் கேட்பார். ஃபில்டர் மாற்றுகிற அன்றைக்கு, "டார்ச் பிடிக்க மெஷினுக்கு ஒரு ஆள் தேவைப்படுது," என்று மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பார். ஃபில்டரைச் சுற்ற ஐந்து நிமிஷம் ஆகும். முக்கால் மணி பேசிக்கொண்டிருப்பார். என் வீட்டில் காபி டிகாக்ஷன் இறங்குகிற வாசனை கீழே வரைக்கும் போகும் போலிருக்கிறது. ஒருநாள் மிகவும் யோசித்துவிட்டு, "மெஷின் சூடாகற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். அந்த நேரத்துக்கு ஒரு காபி இருந்தா மெஷினுக்கு நல்லது," என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெஷினுக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் சார்?" என்று கேட்டேன். "அரை," என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் காபி கீழே போனது.

ஒரு ஜனவரியில் சனிக்கிழமைச் செய்தி வரவில்லை. ஞாயிறு பத்து மணிக்கு மெஷின் சத்தமும் இல்லை. இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன். குரங்குக் குல்லாயைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். மூன்று நாளாகக் காய்ச்சலாம்.

"ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லல?"

"மெஷினுக்கு ஒண்ணுமில்லையே," என்றார்.

பௌதி கஞ்சி வைத்தாள். நான் டாக்டரைக் கூட்டிவந்தேன். சாருக்குக் கவலையெல்லாம் வேறு. மெஷினின் அடியில் ஒரு வாஷர் தேய்ந்து எஞ்சின் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. புது வாஷர் வரும்வரை தினம் அளவு பார்த்துக் கொஞ்சம் ஊற்ற வேண்டும். "நான் பாத்துக்கறேன் சார்," என்று வீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். வாட்ச்மேன் நிமாயைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த வங்காளத்தில், மெஷினுக்குத் தினமும் "தேல்" ஊற்று என்றேன். நம் எண்ணெய்தானே அவர்களுக்குத் தேல்! அகராதிப்படி நான் சொன்னது சரி. ஆனால் அங்கே வண்டிக்குத் தேல் போடுவது என்றால் பெட்ரோலோ டீசலோ போடுவது. எஞ்சினுக்குள் ஊற்றுகிற ஆயிலுக்கு வேறு பெயர். நிமாய் சொன்ன சொல் தட்டாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக டீசல் ஊற்றி டாங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பினான். நானும் தினமும் "தேல் ஊற்றினாயா?" என்று கேட்டு, "ஊற்றினேன் தீதி," என்று அவன் அக்கா போட்டுச் சொன்ன பதிலில் திருப்தி அடைந்தேன்.

பத்து நாள் கழித்து அவர் எழுந்து வந்து பொத்தானை அழுத்தினார். மெஷின் கிளம்பியது, பத்து எண்ணுவதற்குள் நின்றது. மறுபடி கிளம்பியது, மறுபடி நின்றது. நிமாய் பேட்டரி போய்விட்டது என்றான். நான் டீசலில் தண்ணீர் கலந்துவிட்டது என்றேன், எங்கேயோ படித்த ஞாபகத்தில். அவர் குல்லாயும் போர்வையுமாக நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார்.

"கிளம்புதில்ல? அப்ப பேட்டரி மேல பழி போடாதீங்க. திணறித் திணறி நிக்கல, பட்டுன்னு நிக்குது. அப்ப டீசல் மேலயும் பழி இல்ல. தானா நிக்கல, நிறுத்திக்குது. எதுக்கோ பயந்து நிறுத்திக்குது. அந்தக் கம்பியை உருவுங்கம்மா."

உருவினேன். நுனியில் மட்டும் ஒரு பொட்டு ஆயில் ஒட்டியிருந்தது. ஆயில் அழுத்தம் குறைந்தால் எஞ்சின் தேய்ந்துபோகாமல் இருக்கத் தானே நின்றுகொள்ளும்படி அதற்குள் ஒரு ஏற்பாடு உண்டாம். விஷயம் வெளியே வந்தது. நிமாய் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. "வயிறு முட்டச் சாப்பாடு, தொண்டைக்குத் தண்ணி இல்ல. பாவம் அது," என்று மட்டும் சொன்னார். பிறகு போர்வைக்குள் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆயில் ஊற்றி ஓடவிட்ட பிறகு, அதன் இரும்பு மூடியில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "அவ இருந்தப்ப இதை நான் ஒரு நாள்கூடச் சும்மா ஓட்டினதில்ல," என்றார். "அப்ப லோடு இருந்தது." வாயாடி என்று பெயர் வாங்கினவள் நான். அன்று கம்பியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அதே வருஷம் மே மாதத்தில் புயல் வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன, முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் வந்தால் உண்டு. பாங்கிலும் சர்வர் படுத்துவிட்டதால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாலு நாள் அப்படியே இருந்தது.

அந்த நாலு நாள் அவர் கூடத்தைப் பார்த்திருக்க வேண்டும். எள் போட்டால் எள் விழாது. எங்கள் வீட்டுக்காரர்கள் போதாதென்று சந்துக்காரர்களும் போனையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருடைய ஃபிரிட்ஜில் பௌதி மாமியாரின் இன்சுலின், என் இட்லி மாவு, யார் வீட்டுத் தயிரோ எல்லாம் ஒன்றாக இருந்தன. மெஷினுக்கு இரண்டு மணி ஓட்டம், ஒரு மணி ஓய்வு. பௌதியின் கணவரும் நிமாயும் தண்ணீரில் நடந்துபோய் டீசல் வாங்கிவந்தார்கள். முதல் நாளே அவர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மீட்டர் பெட்டியைத் திறந்து, மாடி வீடுகளின் மெயின் சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டார். "லைன் திடீர்னு ஏறி இறங்கி வந்தா ஃபிரிட்ஜு, டிவி எல்லாம் போயிடும். வந்ததும் வோல்டேஜ் பாத்து நானே போடறேன்," என்றார். எல்லாரும் சரி என்றோம். அவரை நம்பாமல் யாரை நம்புவது? அந்த நாலு நாளும் அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். குரல்கூட உயர்ந்திருந்தது. "யாரது, மெஷினுக்கு ஓய்வு கொடுங்கப்பா!" என்று அவர் அதட்ட, பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. எனக்கும் அந்த நாட்கள் பிடித்திருந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்கத்தாவில் நான் தனியாகச் சாப்பிடாத நாட்கள் அவை மட்டும்தான்.

மூன்றாம் நாள் எதிர் வரிசைக்குக் கரண்ட் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர். எங்கள் வீடும் ஒரு பூட்டிய கிடங்கும்தான் அதில் மிச்சம். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு நான் காபி கொண்டுபோனபோது, கூடத்துச் சுவரில் இருந்த சேஞ்ச் ஓவர் போர்டின் மேல் ஒரு கட்டம் போட்ட சிவப்புத் துண்டு தொங்கியது. வெளி லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சுவிட்ச் அது. அதன் மேல் ஒரு சின்ன விளக்கு உண்டு. வெளியிலிருந்து லைன் வந்தால் அது எரியும். போர்டுப் பக்கம் துணி ஆகாது என்று என் துப்பட்டாவை விரட்டியவர் ஆயிற்றே, துண்டைத் தொங்கவிட்டிருக்கிறாரே என்று ஒரு கணம் நினைத்தேன். அத்தோடு மறந்துபோனேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். பௌதியின் மாமியார் கை தவறி டீயைக் கொட்டிவிட்டாள். துடைக்க எதையாவது தேடி, எட்டி அந்தத் துண்டை இழுத்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சார்! லைன் வந்திருக்கு! லைட் எரியுது பாருங்க!" என்று கத்தினேன். அதோடு விட்டேனா? கூடத்தைப் பார்த்துத் திரும்பி, என் ஓட்டை வங்காளத்தில், "காரென்ட் எஷே கேச்சே!" என்று ஊருக்கே அறிவித்தேன்.

ஒரே ஆரவாரம். பௌதி, "கொகோன் எலோ, தாதா?" என்றாள். எப்போது வந்தது என்று கேட்டாள், அவ்வளவுதான். அதில் குற்றம் சாட்டல் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். "ஏய் தோ," என்றார். இதோ, இப்போதுதான்.

துண்டு பத்து மணியிலிருந்து தொங்குகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாததைப் பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லக் கூடாததைத்தான் முதலிலேயே சொல்லித் தொலைத்துவிட்டேனே.

அவர் படிக்கட்டுக்குக் கீழே போய், மீட்டர் வைத்து மூன்று தடவை வோல்டேஜ் பார்த்து, ஒவ்வொரு வீட்டு மெயினாகப் போட்டார். மேலே ஏதோ டிவி அலறியது. கல் எறிந்த காக்காய்க் கூட்டம் மாதிரி பத்து நிமிஷத்தில் கூடம் காலி. பௌதி இன்சுலினை மார்போடு அணைத்துக்கொண்டு, "அப்பாடா, பிழைத்தோம்!" என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டே படியேறினாள். நானும் மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். போர்டுகளில் ஒரு பிளக் இல்லை. பின்னால் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலிகளுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"சார், மெஷின் லோடு இல்லாம ஓடுது," என்றேன்.

"ஆமா," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

மாடிப்படியில் பாதி ஏறின பிறகுதான் எனக்கு உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது பரவாயில்லை, கெடுவது நுணல்தானே. என் வாயால் கெட்டது இன்னொருவர். என் ஃபிரிட்ஜில் வைக்க அந்த மாவைத் தவிர எதுவும் இல்லை. மேலே போய் நான் செய்ய ஒரு வேலையும் இல்லை. இன்னும் ஒரு சாயங்காலம் அவரும் இருந்திருப்பார், நானும் இருந்திருப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தச் சனிக்கிழமை செய்தி வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. பௌதி, "தாதாவுக்கு அலுத்துவிட்டது போல," என்று சொல்லிவிட்டு மறந்துபோனாள். ஆனால் ஜூன் முதல் ஞாயிறு பத்து மணிக்கு மெஷின் சத்தம் கேட்டது. நான் ஆறு புடவைகளையும் அயர்ன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக மூலையில் அடுக்கியிருந்தன, ஒன்று மட்டும் வெளியே. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே தரையில் ஒரு ரூம் ஹீட்டர், இரண்டு கம்பியும் செக்கச்செவேலென்று காய்ந்துகொண்டிருந்தன. வெளியே புழுக்கம் ஆளைக் கொல்கிறது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மெஷினுக்கு லோடு வேணுமேன்னு வந்தேன் சார்."

"மெஷினுக்கு இது போதும்மா. ரெண்டு ராடும் போட்டாச்சு, மீட்டர் சரியாக் காட்டுது."

"ஜூன் மாசத்துல ஹீட்டரா சார்? இதை அணைச்சிட்டு என் அயர்ன் பாக்ஸைப் போட்டா மெஷினுக்கு என்ன குறைஞ்சிடும்?"

"மெஷினுக்கு ஒண்ணும் குறையாது," என்றார். ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு வேண்டாம்."

அவர் வாயிலிருந்து 'எனக்கு' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். புடவைகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, வீட்டுக் கரண்டில் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அரை மணிக்கு மேல் வீணாக ஓட்டக் கூடாது, டீசலுக்குப் பிடித்த கேடு என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அன்று பதினொன்றாயிற்று, பதினொன்றரை ஆயிற்று, மெஷின் நிற்கவில்லை. இன்னொரு தரம் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கிறாரோ என்று தோன்றியது. வேண்டாம் என்று சொன்ன வீட்டு வாசலில் ஒரே நாளில் இரண்டு தடவை போய் நிற்பதா என்று எனக்கு ரோஷம். பன்னிரண்டு மணிக்கு மெஷின் நின்றது. நான் இறங்கிப் போகவில்லை.